காணாத எண்ணெயும் காட்டும் முள்ளும்

ராஜபாளையம் போகும் சாலையை ஒட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரின் ஓரத்தில் அமைந்திருக்கும் மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலைப் பற்றி வழங்கிவரும் கர்ண பரம்பரைக் கதைகளில், திருமலை நாயக்கரின் வயிற்று நோய் தீர்ந்த கதையே பிரசித்தமானது. எந்த மருந்துக்கும் கட்டுப்படாத நோயோடு வந்த மதுரை மன்னர் இந்தச் சந்நிதியில் சுகம் பெற்றார் என்றும், அதன் பின் இங்கே உச்சிக்கால பூஜை முடிந்த செய்தி எட்டிய பிறகே அரண்மனையில் போஜனத்துக்கு அமர்வது என்று விரதம் பூண்டார் என்றும், செய்தி தாமதமின்றி எட்டும் பொருட்டு வழிநெடுக நகரா மண்டபங்களை எழுப்பி, ஒரு மண்டபத்து முழக்கம் கேட்டதும் அடுத்த மண்டபத்தில் முழக்கும்படி ஏற்பாடு செய்தார் என்றும் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்தக் கதையில் பக்திக்கு எவ்வளவு இடமுண்டோ அவ்வளவு இடம் யுக்திக்கும் உண்டு. எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால், கண்ணுக்கு எட்டாத ஓரிடத்தில் நிகழ்ந்ததை இருந்த இடத்திலிருந்தே அறிந்துகொள்ள வகுத்த உபாயம் அது; நடுவழியில் ஒரே ஒரு நகராக்காரன் கண்ணயர்ந்துவிட்டாலும், பூஜை குறைவற நடந்திருக்க, மன்னர் மட்டும் பட்டினி கிடக்க நேரும். படகின் டீசல் தொட்டிக்குள் மிதக்கும் சிறு மிதவைக்கும், மேலே சுக்கான் பிடிப்பவர் முன்னால் இருக்கும் மீட்டரின் முள்ளுக்கும் உள்ள சம்பந்தம் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. அந்த மிதவையை, அதாவது மெக்கானிக்குகள் 'டேங்க் யூனிட்' என்றும் சுருக்கமாக 'ப்ளோட்' என்றும் சொல்லும் உபகரணத்தை, பழுதானபோது எப்படி அடையாளம் கண்டு மாற்றுவது என்பதே இங்கே சொல்ல வந்த விஷயம்.

கடலே இல்லாத விருதுநகர் ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். 1985-இல் ஜில்லாவைப் பிரிக்கும் வரையில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் ராமேசுவரமும் ராமநாதபுரம் என்ற ஒரே ஜில்லாவில்தான் இருந்தன என்பது ஒரு பதில். அதைவிடப் பொருத்தமான பதில், இந்த உபகரணம் எங்களுக்கு அந்நியமானதல்ல என்பது. லாரியிலும் டிராக்டரிலும் பஸ்ஸிலும் இருப்பது இதே மிதவைதான். 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து நூற்பாலைகளின் ஊராகவே வளர்ந்துவிட்ட ராஜபாளையத்தில், மின்வெட்டுக் காலங்களில் ஆலைகளைக் காப்பாற்றும் ஜெனரேட்டர்களுக்கும் டீசல் தொட்டிகள் உண்டு. தரையில் நிலையாக நிற்கும் அத்தகைய தொட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்திவிட்டால் போதும். உள்ளே எந்த மட்டத்தில் எண்ணெய் நிற்கிறதோ அதே மட்டத்தில் குழாயிலும் நிற்கும். முள்ளும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஆனால் அலையில் குலுங்கும் படகின் இஞ்சின் அறையில் அந்தக் குழாய் உடைந்தால் தொட்டியின் டீசல் முழுவதும் சூடான இஞ்சினின் காலடியில் கொட்டிப்போகும். ஆகவே தரையில் உத்தமமான அந்த முறை, கடலில் உத்தமமாகாது.

நமது கடற்கரையிலே பெரும்பாலான விசைப்படகுக்காரர்கள் மீட்டரை நம்புவதில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். தொட்டியின் மூடியைத் திறந்து கம்பியையோ குச்சியையோ விட்டு எடுத்து, நனைந்த இடத்தை விரலால் அளந்து, 'இது போதும்' என்று சொல்லிவிடுவது அவர்களுடைய பழக்கம். விடியற்காலையில் புறப்பட்டு அன்றிரவே கரை திரும்பிவிடும் தூத்துக்குடிப் படகுகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரும். கன்னியாகுமரி ஜில்லாவின் தூத்தூரிலிருந்து சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் படகுகளுக்கு அது போதாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, குமரிக் கரையிலிருந்து சென்ற படகுகளில் பல லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறின. அலை மேலே தூக்கிக் கீழே போடும் அத்தகைய வேளையில், இஞ்சின் அறைக்குள் இறங்கி, தொட்டியின் மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பார்ப்பது நடவாத காரியம். அப்படியே பார்த்தாலும், உள்ளே தளும்பும் எண்ணெய் குச்சியை எங்கே வேண்டுமானாலும் நனைத்துவிடும். அமைதியான துறைமுகத்தில் குச்சி உண்மை பேசும். கொந்தளிக்கும் கடலில் முள்ளை நம்புவதைத் தவிர வழியில்லை. ஆகையால் துறைமுகத்தில் இருக்கும்போதே முள்ளைக் குச்சியின் முன்னால் நிறுத்திச் சாட்சி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

மிதவையின் சூட்சுமம் எளியது. தொட்டியின் மேற்பரப்பில் உள்ள வட்டத் துவாரத்தை ஐந்து திருகாணிகளால் ஒரு தகடு மூடியிருக்கும். அந்தத் தகட்டிலிருந்து ஒரு தண்டு உள்ளே இறங்கும். தண்டின் நடுப்பகுதியில் கீல் வைத்தாற்போல் மேலும் கீழும் ஆடும் ஒரு கை. கையின் நுனியில் மிதவை. எண்ணெய் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கை ஆடும்போது அதன் மறுமுனையிலுள்ள மெல்லிய உலோக நாக்கு, தடைக் கம்பி சுற்றிய ஒரு சிறு பட்டையின் மேல் உராய்ந்துகொண்டே நகரும். நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து, மின்சாரம் கடந்து செல்ல வேண்டிய கம்பியின் நீளம் கூடவோ குறையவோ செய்கிறது. அதற்கேற்ப மின்தடை மாறுகிறது. அந்த மாறுதலே முள்ளைத் தள்ளுகிறது. எண்ணெயின் அளவைப் பற்றி முள்ளுக்கு நேரடியாக ஒன்றும் தெரியாது. வந்து சேரும் மின்தடை எத்தனை ஓம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

இதில்தான் புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது. அமெரிக்க வழக்கில் தொட்டி காலியாக இருக்கும்போது 240 ஓம்; நிறைந்திருக்கும்போது 33 ஓம். ஐரோப்பிய வழக்கில் காலித் தொட்டிக்கு 10 ஓம். நிறைந்த தொட்டிக்கு 180. இரண்டும் நேர் விரோதம். மீட்டர் ஒரு வழக்கிலும் மிதவை மற்றொரு வழக்கிலும் அமைந்துவிட்டால், நிறைந்த தொட்டி வற்றியதுபோலத் தோன்றும். அதுகூடப் பாதகமில்லை, வீண் கவலையோடு போகும். வற்றிய தொட்டி நிறைந்ததுபோலத் தோன்றுமே, அதுதான் அபாயம். கடைக்குப் போகும்போது பழைய மிதவையைக் கையோடு கொண்டுபோவது மட்டும் போதாது. மீட்டரின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் ஓம் கணக்கையும், அது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

லாரியில் பல வருஷங்கள் உழைக்கும் மிதவை படகில் சீக்கிரம் கெட்டுப்போவதற்குக் காரணங்கள் உண்டு. முதற்காரணம் உப்பு. கடற்காற்று பட்ட செப்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறி, இணைப்புகளில் மின்சாரம் தடைபடுகிறது. அந்த அதிகப்படியான தடையையும் மீட்டர் எண்ணெய்க் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறது. அடுத்தது அலை. சாலையில் ஓடும் லாரியின் மிதவை பள்ளம் மேடுகளில்தான் குதிக்கும். படகின் மிதவைக்கோ ஓய்வென்பதே கிடையாது. நங்கூரமிட்டு நிற்கும்போதும் நாக்கு அந்தப் பட்டையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. எந்த மட்டத்தில் எண்ணெய் அதிக காலம் நிற்கிறதோ அந்த இடத்தில் தடைக் கம்பி தேய்ந்து அறுந்துபோகும். முக்கால் தொட்டி வரையில் ஒழுங்காகக் காட்டிய முள், பாதிக்கு வந்ததும் திடீரென்று விழுந்து, இன்னும் சற்று இறங்கியதும் மறுபடி உயிர்பெற்று எழுந்தால், தேய்மானம் நடுப் பட்டையில்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மூன்றாவது காரணமே மிகவும் ஏமாற்றுவது. லாரியில் இரும்புச் சட்டமே எர்த் ஆகிவிடுகிறது. எந்தத் திருகாணியில் முடிந்தாலும் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிவிடும். மரப் படகிலும் பைபர் படகிலும் அந்த வசதி கிடையாது. மிதவையின் தகட்டிலிருந்து பாட்டரியின் மைனஸ் முனை வரையில் தனியாக ஒரு ஒயர் ஓட வேண்டும். அந்த ஒயர் எங்கேயாவது அறுந்திருந்தால், வழியில் தூங்கிப்போன நகராக்காரனுக்காக நல்ல மிதவையைத் தண்டித்துப் பணத்தை வீணாக்கியவர்கள் ஆவோம்.

ஆகவே கழற்றுவதற்கு முன் பரிசோதனை. மிதவையிலிருந்து மீட்டருக்குச் செல்லும் ஒயரைத் தகட்டிலிருந்து விடுவித்துவிட்டு, சாவியைத் திருப்பி முள்ளைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வழக்கு மீட்டரானால் முள் காலிக்கு இறங்கும். அதே ஒயரை எர்த்தோடு சேர்த்தால் நிறைவுக்கு ஏறும். ஐரோப்பிய வழக்கானால் தலைகீழ். முள் இப்படி இரு பக்கமும் ஒழுங்காக ஓடினால் மீட்டரும் ஒயரும் நிரபராதிகள். குற்றவாளி மிதவையோ அதன் எர்த்தோதான். முள் அசையவே இல்லையென்றால் தொட்டியின் பக்கம் போகாமல் மீட்டரின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். ஒயரை எர்த்தோடு சேர்க்கும்போது பொறி கிளம்பக்கூடும். ஆதலால் அதைத் தொட்டியின் மேலேயே செய்யாமல் மீட்டரின் பக்கத்தில் செய்வது புத்திசாலித்தனம். டீசல் அவ்வளவு சுலபத்தில் தீப்பற்றுவதில்லை. பெட்ரோலில் ஓடும் சிறு படகுகளின் விஷயம் வேறு. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடுவது பெட்ரோல். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் கலைந்துபோகாமல் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கி நிற்கும். அங்கே பலகைகளையெல்லாம் திறந்து வைத்து, காற்றாடி போட்டு ஆவியை வெளியேற்றி, பாட்டரியின் இணைப்பைக் கழற்றிய பிறகே வேலையில் கை வைக்கலாம். பீடி குடிப்பவர்கள் கரையிலேயே குடித்துவிட்டு வரட்டும்.

இனி வேலை. தகட்டைச் சுற்றிலும் உள்ள அழுக்கையும் உப்பையும் முதலில் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் திறந்தால் அவ்வளவும் தொட்டிக்குள் போய், பிறகு டீசல் பில்டரில் வந்து நிற்கும். ஐந்து திருகாணிகளும் சம இடைவெளியில் அமைந்தவையல்ல. தகடு ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். எனினும் தகட்டிலும் தொட்டியிலும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால் பிற்பாடு குழப்பமிராது. உப்பில் இறுகிப்போன திருகாணியை வலிந்து முறுக்கித் தலையை அறுத்துக்கொள்வதைவிட, துருநீக்கும் எண்ணெய் விட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருப்பது மேல். பழைய பேக்கிங் பிசின்போல ஒட்டியிருக்கும். மழுங்கிய கத்தியால் மெல்ல நெம்பினால் தகடு பிரியும். அப்படியே நேராக மேலே இழுத்தால் வராது. தகட்டைச் சாய்த்து, கையையும் மிதவையையும் துவாரத்தின் வழியாக வளைத்து எடுக்க வேண்டும். எடுத்த மாதிரியே புதியதை உள்ளே விட வேண்டும் என்பதால் அந்தச் சாய்வை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்த பழைய மிதவையைத் தூக்கி எறியாமல் சற்றுப் பார்க்கலாம். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கிறதா? அப்படியானால் மிதவை ஓட்டை. டீசல் குடித்து மூழ்கிவிட்டது. தொட்டி நிறைந்திருந்தும் முள் காலியிலேயே கிடந்ததன் காரணம் அதுதான். சத்தம் இல்லையென்றால் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்து, கையை மிக மெதுவாக மேலிருந்து கீழே அசைத்தால், எண்கள் படிப்படியாக மாற வேண்டும். ஓரிடத்தில் எண் மறைந்தால் பட்டை தேய்ந்திருக்கிறது.

புதியதைப் பொருத்துவதில் கவனம் வேண்டியது நீளத்தில். தொட்டியின் ஆழத்தைச் சுத்தமான ஒரு குச்சியால் அளந்து, தண்டின் கீல் அந்த ஆழத்தின் நடுவில் வரும்படியும், கை முழுவதும் இறங்கும்போது மிதவை அடித்தகட்டைத் தொடாமல் சிறிது மேலேயே நிற்கும்படியும் அமைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் தளும்பாமலிருக்கத் தொட்டிக்குள் குறுக்கே வைத்திருக்கும் தடுப்புத் தகடுகளில் கை இடித்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மிதவையும் ஓரிடத்திலேயே நின்றுவிடும். கைக்குப் பதிலாக, நேரே இறங்கும் ஒரு எவர்சில்வர் குழாயின் மேல் காந்தம் பொதிந்த வளைய மிதவை ஏறி இறங்கும் புதுமாதிரி ஒன்றும் இப்போது உண்டு. குழாய்க்குள் வரிசையாக இருக்கும் சிறு கண்ணாடி ஸ்விட்சுகளைக் காந்தம் ஒவ்வொன்றாக மூடுகிறது. உராயும் நாக்கும் இல்லை, தேயும் பட்டையும் இல்லை. அலைக்கு அதுவே ஏற்றது. ஆனால் குழாயின் நீளம் தொட்டிக்குத் தக்கபடி அமைய வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

பேக்கிங் விஷயத்தில் சிக்கனம் கூடாது. சைக்கிள் டியூபை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. சாதாரண ரப்பர் டீசலில் ஊறிப் பருத்து நைந்துபோகும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பேக்கிங்கே போட வேண்டும். திருகாணிகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்கினால் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளாது. ஒயருக்கு ஈயம் பூசிய செப்புக் கம்பியையும், இணைப்பின் மேல் சூட்டில் சுருங்கும் உறையையும் போட்டால் களிம்பு சுலபத்தில் ஏறாது. எர்த் ஒயரைப் புதிதாகவே போட்டுவிடலாம். பழையதில் மிச்சம் பிடிக்கும் காசு அற்பம்.

இத்தோடு வேலை முடிந்ததென்று மெக்கானிக் எழுந்துவிடுவார். உண்மையில் பாதிதான் முடிந்திருக்கிறது. மிதவை அறிவது உயரத்தை. படகுக்கு வேண்டியதோ கன அளவு. தொட்டி சதுரப் பெட்டியானால் இரண்டும் ஒன்றே. படுக்கை வசமாக வைத்த 500 லிட்டர் உருளைத் தொட்டியில், கால் உயரத்துக்கு எண்ணெய் நிற்கும்போது 125 லிட்டர் இருக்கும் என்று எண்ணினால், இருப்பது 98 லிட்டர்தான். படகின் அடிவயிற்றுக்கு ஏற்ப ஆப்புபோல் கீழே ஒடுங்கி வரும் தொட்டியானால் மோசம் இன்னும் பெரிது. முற்றிலும் முக்கோண வடிவம் என்று வைத்துக்கொண்டால், பாதி உயரத்தில் கால் பங்கும், கால் உயரத்தில் பதினாறில் ஒரு பங்கும்தான் இருக்கும். 500 லிட்டருக்கு அது 31 லிட்டர். பெரியாறு அணையில் 136 அடிக்கும் 142 அடிக்கும் இடைப்பட்ட ஆறடிக்காக இரு மாநிலங்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனதும், 2014-இல் தீர்ப்பு வந்ததும், மேலே விரிந்து கீழே ஒடுங்கும் பள்ளத்தில் மேல் ஆறடி கொள்ளும் நீருக்கும் அடி ஆறடி கொள்ளும் நீருக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்தால் வியப்பாகத் தோன்றாது.

முள்ளுக்குத் தெரியாத இன்னொரு விஷயம் தண்ணீர். காற்றின் ஈரம் உள்ளே குளிர்ந்து இறங்கித் தொட்டியின் அடியில் தேங்கும். டீசல் அதன் மேல் மிதக்கும். மிதவை இரண்டையும் சேர்த்து எண்ணெயென்றே சொல்லும். பெட்ரோல் பங்குகளில் அளவுக் கம்பியின் நுனியில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் ஒரு பசையைத் தடவி விட்டுப் பார்க்கிறார்கள். படகுக்காரர்களும் அதைச் செய்யலாம்.

குச்சி மட்டும் போதும் என்பவர்களுக்கு 1983 ஜூலை 23-ஆம் தேதி கனடாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்றில் எரிபொருள் மீட்டர்கள் வேலை செய்யவில்லை. தொட்டியைக் கோலால் அளந்து பார்த்து, 7,682 லிட்டர் இருப்பதாகச் சரியாகவே கண்டார்கள். வேண்டியது 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோவாக்க ஏறத்தாழ 0.8-ஆல் பெருக்குவதற்குப் பதில், பவுண்டுக் கணக்குக்குரிய 1.77-ஆல் பெருக்கிவிட்டதால், ஏறக்குறைய 20,000 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே ஊற்றினார்கள். நடு ஆகாயத்தில் இரண்டு இஞ்சின்களும் நின்றன. விமானி அதைக் கழுகுபோல் மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானத்தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். கோல் அங்கே பொய் சொல்லவில்லை; கோலின் சாட்சியத்தைப் படித்தவர்கள் பிழை செய்தார்கள்.

ஆதலால் மிதவை மாற்றியதும், தொட்டி வற்றியிருக்கும் ஒரு நாளில், ஐம்பது ஐம்பது லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் எண்ணெய் அடங்கும்வரை பொறுத்திருந்து, குச்சியில் ஒரு வெட்டுக்குறி போட்டு, அப்போது முள் நிற்கும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு என்ற கடலோடிகளின் பழைய கணக்கு, பங்கு என்பது லிட்டரில் இருந்தால்தான் பலிக்கும். முள்ளின் கோட்டில் இருந்தால் பலிக்காது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பதும், வர்ணம் அடிப்பதும், இஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதும் அப்போதுதான். மிதவையையும் அப்போதே மாற்றிவிட்டால், தடை முடிந்து முதன்முதலாக டீசல் நிரப்பும் நாளையே இந்த அளவைக்கு வைத்துக்கொள்ளலாம். எப்படியும் ஊற்றத்தான் போகிற எண்ணெய், கேன் கேனாக அளந்து ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். குறித்த கணக்கைக் காகிதத்தில் எழுதிவைத்தால் நனைந்துவிடும். மீட்டருக்குப் பக்கத்துப் பலகையிலேயே பெயிண்டால் எழுதிவிடலாம்.